மடுவுக்குப் போகும் பாதி, மலைக்குத் திரும்பும் பாதி

சென்ற இதழில், மலையகத்து அட்டனிலிருந்து நாங்கள் ஆறு பேர் சைக்கிளில் மன்னார்ப் பக்கத்து மடு மாதா திருத்தலம் போய்வந்ததைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். வழக்கமாகப் பிள்ளைகளின் படிப்பு, குடும்பச் சிக்கல் என்று கேட்பவர்கள் இந்த முறை சைக்கிளைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த மாதப் பக்கங்கள் அதற்கே.

கேள்வி: அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தால் சைக்கிளில் மடுவுக்கு வருவதாக நேர்ந்துகொண்டேன். அம்மா இப்போது மலைக்குக் கொழுந்து எடுக்கவே போகத் தொடங்கிவிட்டார். வரும் ஆகஸ்ட் திருவிழாவுக்குப் புறப்படுகிறேன். திரும்பும்போது சைக்கிளை லொறியில் ஏற்றிவிட்டு பஸ்ஸில் வந்தால் நேர்த்தி நிறைவேறுமா?
— பொகவந்தலாவை இளைஞர்

பதில்: தம்பி, முதலில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். "மடுவுக்கு வருகிறேன்" என்றுதானே நேர்ந்தீர்கள். அந்தச் சொல்லின்படி மடு வாசலில் உங்கள் கடன் தீர்ந்துவிடும். பஸ்ஸில் வருவது பாவமில்லை. உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார். ஆனாலும் உடம்பில் தெம்பிருந்தால் சைக்கிளிலேயே திரும்புங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. மடு, மன்னார்ச் சமவெளியின் காட்டுக்குள் இருக்கிறது. வட்டவளை, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போகும்போது மலையே நம்மை இறக்கிவிடுகிறது. மாத்தளையைத் தாண்டினால் தம்புள்ளை வரை மறுபடியும் சரிவு. அதன்பின் கெக்கிராவை, மிகிந்தலை, மதவாச்சி, அங்கிருந்து செட்டிகுளம் வழியாக மடுச் சந்தி, எல்லாம் சமதரை. சுமார் 270 கிலோமீற்றர் இருக்கும். வெயிலும் தூரமும் வாட்டும், உண்மைதான். ஆனால் ஏற்றம் என்று சொல்ல அதிகம் இல்லை. ஏற்றமெல்லாம் நமக்காகத் திரும்பும் வழியில் காத்திருக்கிறது. ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்றும் எதிரே நின்று முகத்தில் அறையும்.

120 முதல் 134 வரையான திருப்பாடல்கள் சீயோன் மலைக்கு ஏறிப்போன யாத்திரிகர்களின் பாடல்கள். அவர்களுக்கு ஆலயம் மேலே இருந்தது. ஏறிப்போய்த் தொழுதுவிட்டு ஊருக்கு இறங்கினார்கள். நமக்கு அது தலைகீழ். இறங்கிப்போய்த் தொழுகிறோம், வீட்டுக்கு ஏறுகிறோம். நம் லயங்களும் (தோட்டத்து வரிசை வீடுகளும்) நம் பிள்ளைகளும் இருக்கும் இடம்தான் நமக்கு ஏறவேண்டிய மலை. கண்களை மலைகளுக்கு ஏறெடுக்கும் அந்த 121ஆம் திருப்பாடலைப் போகும்போது பாடிப் பார்த்திருக்கிறேன், மனதில் ஒட்டவில்லை. திரும்பும்போது, தம்புள்ளையைத் தாண்டியதும் தெற்கே நீலக்கோடாக மலை தெரியும் இடத்தில் பாடினேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

இன்னொன்றும் இருக்கிறது. தலைமன்னாரிலும் அரிப்பிலும் தோணியிலிருந்து இறங்கி, கோப்பிக்காடு வெட்டுவதற்காக நம் முன்னோர் நடந்த பாதை இது. மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை. தாகத்திலும் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் உங்கள் ஊர்க்காரர்களும் இருந்திருக்கலாம். நடந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மடுவிலிருந்து சைக்கிளில் திரும்பும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, நம் முன்னோர் நடந்த திசையில்தான் போகிறார்கள். போகும்போது அவர்களுக்கு எதிர்த்திசையில் போகிறோம். திரும்பும்போதுதான் அவர்களோடு நடக்கிறோம்.

2010இல் முதன்முறை போனபோது நானும் பஸ்ஸில்தான் திரும்பினேன். இரவெல்லாம் தூங்கிவிட்டேன், கண் விழித்தால் அட்டன். 2012இல் மிதித்தே வந்தேன். நாலந்தா மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, தெருவோரத்தில் தெம்பிலி (செவ்விளநீர்) விற்ற சிங்களப் பெரியவர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். கேரியரில் கட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துவிட்டு, "மடுவா?" என்று கேட்டார். தலையசைத்தேன். தெம்பிலி ஒன்றைச் சீவிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்தார். தயங்கித் தயங்கி, "மண் இருக்கிறதா?" என்றார். மடு மண்ணைத்தான் கேட்டார். விஷக்கடிக்கு அது மருந்து என்ற நம்பிக்கை பௌத்தர்களிடமும் உண்டு. பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை வைத்தேன். அவர் அதை வெற்றிலையில் வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் போட்டு, பையின் மேல் உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் வந்திருந்தால் அந்தக் கையை நான் பார்த்திருக்க மாட்டேன்.

மடு மாதாவின் திருச்சுரூபமே ஓரிடத்தில் இருந்ததல்ல. 1670இல் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குப் பயந்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் அதை மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோனார்கள். 2008இல் போர் நெருங்கியபோது தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டில் அன்னை மடுவுக்குத் திரும்பி வந்தாள். இடம்பெயர்ந்து திரும்புவதன் பாரம் அவளுக்குத் தெரியும். ஆகவே, தம்பி, முடிந்தால் மிதித்தே வாருங்கள். முடியவில்லையென்றால் மாத்தளை வரைக்குமாவது.

கேள்வி: இயேசு சிலுவையில் எல்லாவற்றையும் முடித்துவிட்ட பிறகு, 270 கிலோமீற்றர் மிதித்து நீங்கள் எதைச் சம்பாதிக்கிறீர்கள்? கிருபை இலவசம் என்றுதானே வேதம் சொல்கிறது?
— கொட்டகலை ஆசிரியை

பதில்: எதையும் சம்பாதிக்கவில்லை, டீச்சர். நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. "இவ்வளவு தூரம் மிதித்தேன், ஆகவே இதைத் தா" என்று கேட்பவர் வழிபடவில்லை, பேரம் பேசுகிறார். நேர்த்தி வைப்பவர்களிடம் அந்தப் பேரம் பேசும் மனம் இருப்பதையும் நான் கண்டிருக்கிறேன். அதை நானும் கண்டிக்கிறேன்.

ஆனால் மேலே எழுதிய தம்பியைப் பாருங்கள். அவருடைய அம்மா குணமாகிவிட்டார். கிடைக்கவேண்டியது கிடைத்த பிறகு புறப்படுகிறார். பத்துத் தொழுநோயாளிகள் குணமான கதையை நீங்கள் ஞாயிறு பள்ளியில் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! பத்துப் பேரும் குணமானார்கள். ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். திரும்பி வந்த தூரத்துக்கு அவனுக்குக் கூலி கிடைக்கவில்லை. வராத ஒன்பது பேரின் தோலும் சுத்தமாகத்தான் இருந்தது. அவனுடைய கால்கள் நன்றி சொல்ல ஆசைப்பட்டன, அவ்வளவுதான். காலும் கையும் மூச்சும் சேர்ந்து சொல்லும் நன்றி ஒன்று உண்டு. அதற்கு எனக்குக் கிடைத்தது சைக்கிள்.

உங்கள் சபையின் வரலாற்றிலும் இது இருக்கிறது. தோட்டத் தமிழர்களுக்கு வேதம் சொல்ல 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபின் உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்துதான் வேதத்தைக் கொண்டுபோனார்கள். அவர்கள் நடந்தது இரட்சிப்பைச் சம்பாதிக்கவா? இல்லையே.

கேள்வி: மேட்டில் இறங்கித் தள்ளினால் அது சைக்கிள் யாத்திரை ஆகாது என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். எனக்கு முழங்கால் வலி உண்டு.
— தலவாக்கலை வாசகர்

பதில்: என் அப்பா உபதேசியார். எங்கள் பங்கின் தோட்டங்களுக்கெல்லாம் ஒரு கறுப்புச் சைக்கிளில் போவார். கேரியரில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே ஜெபப் புத்தகங்கள், ஒரு கைமணி, இரண்டு மெழுகுதிரி, பழைய பத்திரிகையில் சுற்றிய ரொட்டி. தோட்டத்துப் பாதை எல்லாம் மேடு. போகும் தூரத்தில் பாதியை அவர் தள்ளிக்கொண்டுதான் போவார். சிறுவனாக ஒருநாள் கேட்டேன்: "எப்படியும் தள்ளத்தானே போகிறீர்கள், சைக்கிள் எதற்கு அப்பா?" அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "இறக்கத்தில் யாரும் என்னோடு பேச முடியாது. மேட்டில் தள்ளும்போதுதான் ஜனங்கள் கூட நடப்பார்கள். நடக்க நடக்கத்தான் வாய் திறப்பார்கள்."

அப்படித்தான் நடந்தது. கூடை சுமந்த பெண்கள், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்திலிருந்து திரும்புகிறவர்கள், ஒரு கையால் சைக்கிளின் பின்பக்கத்தைத் தள்ளிக்கொடுத்துக்கொண்டே தங்கள் கதையைச் சொல்வார்கள். கணவன் குடிக்கிற கதை, கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன மகளிடமிருந்து கடிதம் வராத கதை. கோயிலுக்குள் சொல்லாததை மேட்டில் சொன்னார்கள். மேட்டின் உச்சி வந்ததும் அப்பா சைக்கிளை நிறுத்தி, நின்றபடியே அவர்களுக்காக ஒரு "அருள் நிறைந்த மரியே" சொல்லிவிட்டுத்தான் ஏறி உட்காருவார்.

முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இறங்கித் தள்ளுங்கள். யாராவது கூட வருவார்கள்.

கேள்வி: பத்தொன்பது வயது மகள் உங்கள் குழுவோடு வரவேண்டும் என்கிறாள். லயத்தில் "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள்" என்கிறார்கள். எனக்கும் பயமாக இருக்கிறது.
— மஸ்கெலியா தாய்

பதில்: பயம் நியாயமானது, அம்மா. பேச்சுக்குப் பயப்படவேண்டாம், பாதைக்குப் பயப்படுங்கள். சென்ற முறை வந்த ஆறு பேரில் இருவர் பெண்கள். ஒருவர் தாதி, மற்றவர் கல்லூரி மாணவி. கூட்டத்தில் சேர்ந்தே போகவேண்டும்; யாரையும் தனியே விடமாட்டோம். இரவில் பங்கு ஆலய மண்டபங்களில் தங்குகிறோம். பெண்களுக்குத் தனி இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் புறப்படுவோம்.

கண்டி–தம்புள்ளை வீதியில் பஸ்களும் லொறிகளும் உரசிக்கொண்டு போகும். வெள்ளை நிறத்தில் சட்டை, பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கவசம், இவை இல்லாமல் என் மகளாக இருந்தாலும் கூட்டிப்போக மாட்டேன். கெக்கிராவை தொடங்கி மடு வரை யானை நடமாட்டம் உண்டு. அந்தி சாயும் நேரத்திலும் விடிவதற்கு முன்னும் அந்தப் பகுதிகளில் சைக்கிள் ஓடவே கூடாது. மடுச் சந்தியிலிருந்து ஆலயத்துக்குப் போகும் காட்டுப் பாதையில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்ததைப் பார்த்து, நாங்கள் அரை மணி நேரம் சாலையோரக் கடையில் காத்திருந்து, ஒரு வான் வண்டியின் பின்னாலேயே போனோம்.

மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டனிலிருந்து நாவலப்பிட்டிக்கு ஓட்டிப்போய், அன்றே திரும்பி ஏறிவரச் சொல்லுங்கள். அண்ணனோ தம்பியோ கூடப் போகட்டும். அன்று இரவு அவள் முகத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எப்படிப்பட்ட சைக்கிள் வேண்டும்? கியர் உள்ளதா, சாதாரணமானதா?
— ஹப்புத்தளை வாசகர்

பதில்: கியர் இருந்தால் திரும்பும் வழியில் நன்றி சொல்வீர்கள். இல்லாவிட்டாலும் போகலாம். நான் கவலைப்படுவது பிரேக்கைப் பற்றி மட்டுமே. ஆகஸ்டில் இங்கே மழைக்காலம். வட்டவளை இந்த நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஈர ரிம்மில் ரப்பர் கட்டை உடனே பிடிக்காது. வழக்கத்தைவிட முன்னதாகவே அழுத்தத் தொடங்கவேண்டும். நீண்ட சரிவில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். நடுநடுவே நின்று ஆறவிடுங்கள்.

2013இல் கினிகத்தேனைக்கு இறங்கும்போது, தேய்ந்த கட்டையை மாற்றாமல் வந்திருந்தேன். தவறு என்னுடையது. ஒரு வளைவில் கிறீச்சென்று சத்தம்; ரப்பர் போய் இரும்பே ரிம்மைச் சுரண்டியது. எரிந்த ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறியது. தேயிலைச் சரிவுப் பக்கமாகச் சைக்கிளைச் சாய்த்து எப்படியோ நிறுத்திவிட்டேன். ரிம்மை விரலால் தொட்டுப் பார்த்தேன். சுட்ட இடத்தில் கொப்புளம் எழும்பியது. கீழே பள்ளத்தில் ஆறு இரைந்துகொண்டிருந்தது. அன்று முதல் புறப்படுமுன் நான்கு கட்டைகளையும் இரண்டு கம்பிகளையும் புதிதாக மாற்றிவிட்டுத்தான் ஜெபம் சொல்கிறேன்.

கேள்வி: சைக்கிள்காரர்களுக்குப் பாதுகாவலரான புனிதர் உண்டா?
— பதுளை மாணவன்

பதில்: உண்டு, மகனே. இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே ஒரு மலை உச்சியில் கிசாலோ மாதா சிற்றாலயம் இருக்கிறது. 1949இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அந்த மாதாவைச் சைக்கிள் ஓட்டுநர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். பெரிய பந்தய வீரர்கள் தங்கள் சைக்கிள்களைக் காணிக்கையாகக் கொடுக்க, அவை ஆலயச் சுவரில் தொங்குகின்றன. அவற்றில் ஒன்று ஜினோ பார்தலியுடையது. அவரைப் பற்றி நீ கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும்.

பார்தலி 1938இலும், பத்து ஆண்டுகள் கழித்து 1948இலும் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் வென்றவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் இத்தாலியைப் பிடித்திருந்தபோது, யூதர்களை ஒளித்துக் காப்பாற்ற புளோரன்ஸ் பேராயர் ஏற்பாடு செய்த இரகசிய வேலையில் சேர்ந்தார். பயிற்சி ஓட்டம் போகிறேன் என்று சொல்லி அசிசிக்கு மிதிப்பார். போலி அடையாள ஆவணங்களுக்கான படங்களும் தாள்களும் சைக்கிளின் குழாய்க்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அசிசியில் அச்சான ஆவணங்களை அதே குழாயில் ஒளித்துத் திரும்பிக் கொண்டுவருவார். காவலர்கள் நிறுத்தினால், சைக்கிளைத் தொடவேண்டாம், எல்லாம் அளவுபார்த்துப் பூட்டியது என்பார். போருக்குப் பின் இதைப் பற்றி வெளியே பேசவே இல்லை. 2000இல் இறந்தார். 2013இல்தான், யூதப் படுகொலையை நினைவுகூரும் இஸ்ரேலின் யாத் வஷேம் அமைப்பு அவரை "நாடுகளிடையே நீதிமான்" என்று அறிவித்தது.

போட்டியில் வென்ற கால்களைவிட, வாய் திறக்காமல் திரும்பி மிதித்த அந்தக் கால்களைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். நம் நாட்டின் புனித யோசவ் வாஸ் சைக்கிள் அறியாத காலத்தவர். கோவாவிலிருந்து வந்து, 1692இல் கண்டியில் ஒற்றன் என்று சிறைப்பட்டு, பின் இந்த மலைகளையெல்லாம் நடந்தே கடந்தார். புறப்படும்போது அவரையும் வேண்டிக்கொள்.

கேள்வி: நான் சைவன். கூட வரலாமா?
— இராகலை வாசகர்

பதில்: தாராளமாக வாருங்கள், ஐயா. கதிர்காமத்துக்கு நடந்துபோகும் உங்களுக்கு யாத்திரையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாலையில் நாங்கள் செபமாலை சொல்லும் நேரத்தில் நீங்கள் தேவாரம் சொல்லுங்கள். எங்களுக்கும் கேட்க ஆசை.

கேள்வி: எனக்கு 81 வயது. என் பாட்டியின் தாய் மன்னாரிலிருந்து நடந்து வந்தபோது, கைக்குழந்தை ஒன்றை வழியில் புதைத்துவிட்டு வந்தாராம். பெண் குழந்தை என்று மட்டும் தெரியும், பெயர் தெரியாது. நீங்கள் திரும்பும்போது எங்கேயாவது அதற்காக ஒரு மெழுகுதிரி ஏற்றுவீர்களா?
— மாத்தளை மூதாட்டி

பதில்: ஏற்றுகிறோம், அம்மா. இந்த ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி அட்டனிலிருந்து இறங்கி, 14ஆம் திகதி மாலை வெஸ்பர்ஸ் ஆராதனைக்கு மடுவில் இருப்போம். திருவிழா முடிந்து 16ஆம் திகதி திரும்புகிறோம். 18ஆம் திகதி காலையில் தம்புள்ளையிலிருந்து நாலந்தா வழியாக உங்கள் ஊருக்கு ஏறுவோம். பெயர் இல்லாவிட்டாலும் ஜெபம் சொல்லலாம், ஆண்டவர் அறிவார். மரத்தடியில் என்றோ, குளக்கரையில் என்றோ பாட்டி ஏதாவது சொன்னதாக நினைவிருந்தால், 10ஆம் திகதிக்குள் ஒரு வரி எழுதிவிடுங்கள். அங்கே நிறுத்தி இறங்குகிறோம்.